வழுக்கி விழாதவள்

என் கதை ஒன்று வாரப் பத்திரிகையில் வந்தபோது, அந்தப் பக்கத்தைக் கிழித்து யாரோ கேன்டீன் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருந்தார்கள். பஸ் நேர மாற்றத்துக்கும் பாதுகாப்பு வார உறுதிமொழிக்கும் நடுவில் அது நான்கு நாள் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்க கதை எழுதுவீங்களா?"

"எப்பவாவது எழுதுவேன்."

"என்னோடத எழுதுவீங்களா?"

எங்கள் கம்பெனி ஓசூரில், வண்டிகளுக்கான ஒயர்களைக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற கம்பெனி. பெண்கள்தான் அதிகம். ஒவ்வொருத்திக்கும் முன்னால் சாய்வாக ஒரு போர்டு இருக்கும். அதில் அடித்திருக்கும் கம்பிகளுக்கு நடுவே ஒயர்களை ஓட்டி, டேப் சுற்றி, அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. நான் லைனின் கடைசியில் உட்கார்ந்திருக்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வந்து சேரும் கட்டைச் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. அவளுக்கு வேப்பனப்பள்ளியை ஒட்டிய ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு. காண்ட்ராக்டில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் மேஜையிலிருந்து மூன்றாவது போர்டு அவளுடையது.

"உன்னோடதுன்னா? என்ன கதைம்மா?"

"மூணு வாரம் லீவுல இருந்தன் இல்லீங்களா. அது."

உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் லைனில் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், சொல்லத் தொடங்கினாள்.

அப்போது அவளுக்கு நாலு மாசக் கர்ப்பம். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். தெரிந்தால் பெயரை விட்டுவிடுவார்கள் என்று பயம். லீவில் போவதற்குக் காரணமான அன்று, காலையில் பத்து மணியிலிருந்தே அடிவயிற்றில் வலி. போர்டை விட்டு நகர வேண்டுமென்றால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் வர வேண்டும். மாற்று ஆள். லைன் லீடர் கூப்பிட்டால்தான் ரிலீவர் வருவாள். அவள் லீடரிடம் கேட்டிருக்கிறாள். லீடரும் சின்னப் பெண்தான். "பத்து நிமிஷம் பொறுத்துக்கக்கா, டார்கெட் பின்னாடி இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அரைமணி கழித்து மறுபடியும் கேட்டிருக்கிறாள். அப்போதும் அதே பதில். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

"ஏன் கேக்கல?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு தடவ கேட்டாச்சுங்களே அக்கா."

அதற்கு அடுத்ததை மட்டும் தெலுங்கில் சொன்னாள். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் அது புரிந்தது. நின்றபடியே போய்விட்டது என்றாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்குத் திரும்பினாள்.

"அன்னிக்கி என் போர்டுல ஒரு ரிஜெக்ட்கூட இல்லண்ணா. நீங்கதான் ஸ்டிக்கர் ஒட்டுனீங்க."

அவள் குறை சொல்லவில்லை. வேலையில் தவறு வரவில்லை என்பதைத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது. அவள் போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். முகத்தையும் பார்த்தேன். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினால் லைன் நிற்கும். நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும், மத்தியான மீட்டிங்கில் நின்று பதில் சொல்ல வேண்டும். நான் கையை உயர்த்தவில்லை. அடுத்த கட்டை எடுத்துச் சோதித்தேன்.

"எழுதி என்னம்மா ஆகப் போகுது?" என்று கேட்டேன்.

"எழுதுனா புக்குல வரும் இல்லீங்களா? அது போதுங்கண்ணா."

அது எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலை நேரம் கையில் இருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஐந்து நாள் உட்கார்ந்து, போனிலேயே தட்டி முடித்தேன். அப்படி ஒரு கதையை அதற்கு முன்னால் நான் எழுதியதில்லை. அவள் சொன்னது சொன்னபடி வந்தது. ரிலீவர் இருந்தாள், டார்கெட் இருந்தது, பத்து நிமிஷம் இருந்தது. அந்தத் தெலுங்கு வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் போட்டேன். கடைசியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆளாக நானும் இருந்தேன்.

மனைவி அடுப்படியில் நின்றபடியே படித்தாள். நடுவில் அடுப்பை அணைத்தாள். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல நீங்களும் இருக்கீங்க."

"ஆமா."

"அனுப்பப் போறீங்களா?"

"அனுப்பணும்."

"நான் வேண்டாம்னு சொல்லல" என்றாள். அரிசியைக் களைந்து தண்ணீரை வடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "பாப்பாவுக்கு அடுத்த வருஷம் பத்தாவது" என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிப் படிக்கட்டில் ஹெச்.ஆர். அதிகாரி எதிரே வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையானவர். நின்று சிரித்தார்.

"சார், நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறீங்களாமே. நோட்டீஸ் போர்டுல பாத்தேன். ரொம்ப சந்தோஷம். அடுத்து என்ன எழுதறீங்க?"

"சும்மா, குடும்பக் கதை சார்" என்றேன்.

"எழுதுங்க, எழுதுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. அவர் மனதில் எதுவும் இருந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு போலீஸ்காரர் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. எழுதாதே என்று இந்த நாட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. குடியரசு தினத்தன்று கம்பெனியில் கொடி ஏற்றியதும் அரசியல் சாசனத்தின் முகவுரையைத் தமிழில் வாசிக்கிறவனே நான்தான். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணம், வெளிப்பாடு என்று வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் ஏற்றி வாசிப்பேன்.

மறுநாள் காலையில் போனைத் திறந்து கதையைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் என்னை எடுத்தேன். கதை சொல்கிறவன் கதைக்குள் நிற்பது பழைய உத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒயர் கம்பெனி, பெயர் சொல்லாத ஒரு கம்பெனி ஆனது. குறிப்பாகச் சொன்னால் செய்தி போல ஆகிவிடும் என்பது அதற்குக் காரணம். ரிலீவர் என்றால் வாசகருக்குப் புரியாது, எடுத்தேன். தெலுங்கு வாக்கியம் படிப்பவரைத் தடுக்கும், எடுத்தேன். லைன் லீடரைக் கெட்டவளாகக் காட்டுவது கலைக்கு அழகில்லை என்று அவளையும் எடுத்தேன். ஒவ்வொரு வெட்டுக்கும் என்னிடம் ஒரு இலக்கியக் காரணம் இருந்தது. வாசக நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கூடிப் பேசுவோம். அங்கே கேட்டுப் பழகிய வார்த்தைகள் எல்லாம் அந்தக் காலையில் எனக்குக் கை கொடுத்தன. பயப்படுகிறோம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. கதை மெருகேறுகிறது என்றே நினைத்தேன்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கரு ஏன் கலைந்தது என்பதற்குக் கதையில் காரணமே இல்லாமல் போனது. காரணம் ஒன்று வேண்டுமே. வீட்டுக் குளியலறை ஈரத்தில் அவள் வழுக்கி விழுந்ததாக எழுதினேன். சோப்பு நுரை வடிகிற ஓசை என்று ஒரு வரி வந்தது. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதலில் எழுதியதன் மேலேயே இதை எழுதிச் சேமித்தேன். பழையது எங்கும் இல்லாமல் போனது.

பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். "ரொம்ப அடங்கின கதைங்க. எங்கயும் கோஷம் இல்ல. அந்தச் சோப்பு நுரை அபாரம்" என்றார். அச்சாகி வந்ததும் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

பத்திரிகையின் ஒரு பிரதியை அவளுக்கென்று எடுத்துக்கொண்டு போனேன். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால், கம்பெனி பஸ்கள் நிற்கும் தகரக் கொட்டகைக்குக் கீழே, அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். ஓரத்தை விரலால் நீவினாள்.

"நான் தெலுங்கு ஸ்கூல்ல படிச்சவ. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நீங்களே படிச்சுக் காட்டுங்கண்ணா."

வாசித்தேன். வேறு வழி இருக்கவில்லை. உச்சரிப்பு சுத்தமாகத்தான் வந்தது. அவள் தலையைச் சாய்த்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.  வழுக்கி விழும் இடம் வந்தபோது நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த வரிக்குப் போனேன். முடித்தேன். அவள் இன்னும் காத்திருந்தாள்.

"அப்புறங்கண்ணா?"

"அவ்வளவுதான்மா."

"இது யாரு?"

"நீதான். கதைக்காகக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்."

 பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள்.

"நான் பாத்ரூம்ல விழலையேண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் எங்கேயோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதுபோல, பொறுமையாகச் சொன்னாள். "எங்க மாமியாரு இதத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்குது. பாத்து நடக்காம வழுக்கி விழுந்துட்டா, வயித்துல இருக்கறத பாத்துக்கத் தெரியலன்னு. நான் இல்லன்னு சொன்னா வீட்டுக்காரரு நம்பல. நின்னா எல்லாம் போயிடுமான்னு கேக்கறாரு. அவருக்குத் தமிழ் நல்லா படிக்க வரும். புக்குல வந்தா நம்புவாருன்னுதாங்கண்ணா நான் உங்ககிட்ட சொன்னன்."

மணி அடித்தது. அவள் பத்திரிகையை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாண்ணா. நீங்களே வெச்சுக்கோங்க."

அன்று எட்டு மணி நேரமும் மூன்றாவது போர்டிலிருந்து கட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றில்கூடத் தவறில்லை.

அதோடு முடிந்திருந்தால் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். ஆனால் ஹெச்.ஆர். அதிகாரி அந்தக் கதையைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, நம் ஊழியரின் சாதனை என்று தலைப்புப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அவளுடைய ஊரிலிருந்து அதே பஸ்ஸில் வரும் ஒரு பெண் அதைப் போனில் படம் எடுத்தாள். ஊரில் கேட்ட அதே விஷயம் என்பதால், நம்ம ஊர்க்காரி கதை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று நல்ல எண்ணத்தோடுதான் ஊருக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் அது மூன்றாவது போர்டுக்காரியின் கணவரிடம் போய்ச் சேர்ந்தது.

நான் ஆசிரியருக்குப் போன் செய்தேன். அந்தக் கதையில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது, அடுத்த இதழில் ஒரு விளக்கம் போட முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"கதைக்கு எப்படிங்க திருத்தம் போடறது? அது உங்க கற்பனைதானே."

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். அப்போதும் காரணத்தைச் சொல்லவில்லை.

நாலு மாசம் கழித்து ஒரு தொகுதி காண்ட்ராக்ட் ஆட்களை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதில் அவளும் போனாள். கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எப்போதும் போல எடுத்ததுதான். கடைசி நாளில் என் மேஜைப் பக்கம் வந்து, "வர்றேங்கண்ணா, அக்காவ கேட்டதாச் சொல்லுங்க" என்றாள்.

பழைய கதையைத் திரும்ப எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அவள் முதல் தடவை கேட்டது பத்தரைக்கா, பதினொன்றுக்கா? லீடர் சொன்னது பத்து நிமிஷமா, அஞ்சு நிமிஷமா? அந்தத் தெலுங்கு வாக்கியம் எந்தச் சொல்லில் தொடங்கியது? எதுவும் நிச்சயமாக இல்லை. நான் கட்டிய குளியலறை மட்டும் துல்லியமாகக் கண் முன் நின்றது. பச்சை பக்கெட், பெயர்ந்த சிமென்ட், சோப்பு நுரை. நடக்காத ஒன்று எனக்கு ஞாபகம் இருந்தது. நடந்ததை மறந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சானமாவுக் காட்டுக்கு ராகி அறுப்புச் சமயத்தில் வரும் யானைகளைப் பற்றி இரண்டு கதை எழுதினேன். இரண்டும் உடனே அச்சில் வந்தன.

மாங்காய்ச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி போய் பஸ் மாறி, அவள் ஊருக்குப் போனேன். கணவர் லோடு வண்டியோடு வெளியே போயிருந்தார். அவளுடைய மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து மாங்காய்களைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொல்லி, கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். பின்பக்கத்திலிருந்து அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் சிரித்தாள். பிறகு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்ததுபோல முகம் மாறியது.

நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அம்மா, இவ வழுக்கி விழல. அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன். வலிக்குதுன்னு ரெண்டு தடவ கேட்டா. மாத்து ஆளு விடல. நின்னுக்கிட்டே இருந்தா. நான் கண்ணால பாத்தேன்."

அந்த அம்மா மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"தம்பி, நீங்க நல்லவரு. அவளுக்காக இவ்ளோ தூரம் வந்து பேசறீங்க" என்றார். "ஆனா விழுந்துட்டான்னு நீங்களேதானே எழுதியிருக்கீங்க? என் மகன் படிச்சுச் சொன்னானே."

"அது கதைம்மா."

"அப்ப இது?"

 அவர் என்னை மடக்கவேண்டும் என்று கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுதினது ஒன்று, சொல்வது ஒன்று, எதை எடுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் கூட வந்தாள். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவ சொல்லும்மா. இந்தத் தடவ சொன்னபடியே எழுதறேன்" என்றேன்.

"இல்லண்ணா."

"ஒண்ணுகூட மாத்த மாட்டேன்."

"அதுக்கில்லண்ணா. அத ஒருமுற சொன்னதே பெருசு. மறுபடி வாயில வராது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அன்னிக்கி நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"எனக்கு அப்பவே தெரியுங்கண்ணா" என்றாள்.

பஸ் வந்தது. மாமியார் கொடுத்தனுப்பிய மாங்காய்ப் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி நின்றாள். இதை விட்டால் அடுத்தது மூன்று மணிக்குத்தான் என்று கண்டக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது என்னை மறுபடியும் உள்ளே நிறுத்தியிருக்கிறேன். கம்பெனியின் பெயரை இப்போதும் போடவில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அவள் சொன்னதில் எது மிச்சம் இருக்கிறதோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். விட்டுப்போனது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக, அவளுடைய ஊரிலிருந்து வரும் அந்தப் பெண் சொன்னாள். மாமியார் மருமகளைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டாராம். தரையில் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் நடக்க விடுவாராம். பத்து மாசமும் அவளைப் பாத்ரூமுக்குத் தனியாக அனுப்பவே இல்லையாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், வெளியில் காத்திருந்து, திரும்பக் கூட்டிக்கொண்டு வருவாராம். அவளும் ஒன்றும் சொல்லாமல் கையைக் கொடுப்பாளாம்.